புரட்டாசிக்கு மேப்பிள் இலை எதற்கு?

செப்டம்பர் கடைசியில் காலாண்டுத் தேர்வு முடிந்து பெரிய பிள்ளைகளுக்கு லீவு விட்டதும், வீட்டிலிருக்கும் ஒன்றரை வயது, இரண்டரை வயதுக் குட்டிகளுக்கும் சேர்த்து ஒரு வேலை வந்துவிடுகிறது. ப்ளே ஸ்கூல் வாட்ஸ்அப் குழுவில் படம் வரும். ஆரஞ்சும் சிவப்புமாக மேப்பிள் இலை, முகம் செதுக்கிய பரங்கிக்காய், கைரேகை வைத்துச் செய்த வான்கோழி. ‘சிம்பிள் ஃபால் கிராஃப்ட்ஸ்’ (எளிய இலையுதிர்காலக் கைவேலைகள்) என்று தலைப்பு. வேலூரில் சத்துவாச்சாரியிலும் காட்பாடியிலும் அம்மாக்கள் ஜெராக்ஸ் கடைக்குப் போய் அதைக் கலர் பிரிண்ட் எடுக்கிறார்கள். ராத்திரி பத்து மணிக்குக் குழந்தை தூங்கிய பிறகு உட்கார்ந்து வெட்டி ஒட்டி, காலையில் குழந்தை கையில் கொடுத்து போட்டோ எடுத்து அனுப்புகிறார்கள். இந்த வழக்கம் எனக்கு ரொம்ப நாளாக உறுத்திக்கொண்டே இருக்கிறது.

முதலில் உறுத்தியது இலைதான். வேலூரில் இலை உதிர்வது மாசி, பங்குனியில். வேப்பமரம் அப்போதுதான் மொத்தமாகக் கொட்டும். புரட்டாசியிலோ சாயங்கால மழை பிடித்து எல்லா மரமும் பச்சையாக நிற்கும். சிவந்த இலை வேண்டுமென்றால் நாட்டு வாதுமை மரத்தடியில் நாலைந்து கிடைக்கலாம், அவ்வளவுதான். இலையே உதிராத மாதத்தில் இலையுதிர்கால அலங்காரம் செய்யச் சொல்வதில் குழந்தைக்குக் கண்ணால் பார்த்துப் பொருத்த ஒன்றுமில்லை. ஆனால் யோசிக்க யோசிக்க, இலை வெறும் மேல்பூச்சு என்று தோன்றியது. மேப்பிளுக்குப் பதில் அரச இலை, வான்கோழிக்குப் பதில் மயில் என்று மாற்றினாலும் விஷயம் மாறாது. அந்தக் கைவேலைகளில் குழந்தைக்கு வேலையே இல்லை. வெட்டுவது பெரியவர், ஒட்டுவது பெரியவர், கண் மூக்கு வரைவது பெரியவர். குழந்தை கட்டைவிரலை ஒரு முறை மையில் தொட்டு வைக்கிறது, அதுவும் நாம் பிடித்து அமுக்கியதால்.

கை என்ன கேட்கிறது

‘என்ன பொருள் செய்யலாம்’ என்ற கேள்வியை விட்டுவிட்டு, ‘இந்தக் கை இப்போது எந்த வேலையை ஓயாமல் செய்கிறது’ என்று கேட்டால் எல்லாமே எளிதாகிவிடுகிறது. ஒன்றரை வயதுக் கை தட்டும், போடும், எடுக்கும், மறுபடி போடும். இரண்டு வயதுக் கை கிழிக்கும், குத்தும், அமுக்கும், ஓட்டை கண்டால் விரலை விடும். இரண்டரைக்கு மேல் உருட்டும், தடவும், பிய்த்துப் பிய்த்து வைக்கும். கத்தரிக்கோல் மூன்று வயதுக்கு மேல்தான், அதுவும் முனை மழுங்கியதாக, பக்கத்தில் ஆள் இருக்கும்போது. ஒரு கைவேலைக்கு ஒரே ஓர் அசைவு போதும். தடவு, வெட்டு, ஒட்டு, காயவிடு, வரை என்று ஐந்து படி இருந்தால் இரண்டாவது படியில் குழந்தை எழுந்து போய்விடும். ஐந்து நிமிடம் உட்கார்ந்தால் நல்லது, பத்து நிமிடம் உட்கார்ந்தால் அது பெரிய விஷயம். அந்த ஐந்து நிமிடத்துக்கு அரைமணி நேரம் முன்னேற்பாடு தேவைப்படும். அதைக் குழந்தை விழித்திருக்கும்போது செய்யாதீர்கள். சாமான்களைக் கண்ணில் காட்டிவிட்டு ‘இரு, இரு’ என்று காக்கவைத்தால் அழுகைதான் மிஞ்சும்.

இப்படிப் பார்த்தால் புரட்டாசி மாதத்து வேலூர் வீட்டுக்கு வெளியிலிருந்து வாங்க அநேகமாக ஒன்றுமே வேண்டாம். நவராத்திரி வந்துவிடுகிறது, களிமண்ணும் பூவும் மஞ்சளும் அட்டைப்பெட்டியும் வீட்டிலேயே சுற்றிக்கொண்டிருக்கின்றன.

மஞ்சள் தாள்

இந்த வயதுக்கு ஒரே ஒரு கைவேலைதான் சொல்லலாம் என்றால் நான் இதைத்தான் சொல்வேன். ஆரத்தி கரைக்கும்போது மஞ்சள் தண்ணீரில் சுண்ணாம்பு விழுந்ததும் சிவப்பாவதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். மஞ்சளில் உள்ள நிறச்சத்து காரம் பட்டால் சிவக்கும், புளிப்பு பட்டால் மறுபடி மஞ்சளாகும். சுண்ணாம்பு குழந்தை கைக்கு ஆகாது. கண்ணில் பட்டால் வெந்து புண்ணாகிவிடும், அதைப் பக்கத்திலேயே வைக்கக் கூடாது. அதே வேலையை ஆப்ப சோடா பாதுகாப்பாகச் செய்யும்.

முந்தின நாள் தாளைத் தயார் செய்துகொள்ள வேண்டும். கால் டம்ளர் தண்ணீரில் ஒரு டீஸ்பூன் மஞ்சள் தூள் போட்டு மூன்று நிமிடம் கொதிக்கவிட்டு, ஆறியதும் அகலத் தூரிகையாலோ பஞ்சாலோ டிராயிங் தாளில் ஒரே சீராகப் பூசுங்கள். வழவழப்பான சார்ட் பேப்பர் குடிக்காது, திட்டுத்திட்டாக நிற்கும். மஞ்சளின் நிறச்சத்து தண்ணீரில் சரியாகக் கரையாது என்பதால் தூள் மேலே படிந்திருக்கும். காய்ந்த பிறகு தாளைத் தட்டி உதறிவிட வேண்டும், இல்லாவிட்டால் குழந்தை ஊதிக் கண்ணில் போட்டுக்கொள்ளும். சர்ஜிக்கல் ஸ்பிரிட் இருந்தால் நாலு மேசைக்கரண்டி ஸ்பிரிட்டில் ஒரு டீஸ்பூன் தூளைக் கலக்கி, பத்து நிமிடம் தெளியவிட்டு, மேலே நிற்கும் தெளிந்த மஞ்சளை மட்டும் பூசலாம். நிறம் அழகாக ஏறும். ஆனால் அது தீப்பற்றும் பொருள். அடுப்படியிலும் பூஜை அறையிலும் செய்யாமல், குழந்தை இல்லாத இடத்தில் காற்றாடக் காயவிடுங்கள். நிழலில்தான் காயவேண்டும், வெயிலில் வைத்தால் மஞ்சள் வெளுத்துவிடும்.

மறுநாள் தாளின் நாலு மூலையையும் தரையில் டேப் போட்டு ஒட்டுங்கள். இதை மறந்தால் குழந்தை ஒரு கையால் தேய்க்கும்போது தாளும் கூடவே ஓடும். இரண்டு வயதுக்கு ஒரு கை பிடிக்க, மறு கை வேலை செய்ய என்று பழகியிருக்காது. கால் டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு டீஸ்பூன் ஆப்ப சோடாவைக் கரைத்து, அகலமான கிண்ணத்தில் வையுங்கள். தூரிகைக்குப் பதில் குழந்தையின் உள்ளங்கை கொள்ளும் அளவுக்குப் பஞ்சை உருட்டி, பழைய காட்டன் துணியில் பொட்டலமாகக் கட்டிக் கொடுங்கள். குழந்தையின் பிடி முஷ்டிப் பிடி, மெல்லிய தூரிகைக் காம்பு அதற்குள் சுழன்றுவிடும்.

நிறமில்லாத தண்ணீரைத் தொட்டு மஞ்சள் தாளில் வைத்ததும், வைத்த இடம் செங்காவியாக மாறும். குழந்தை முதலில் தாளைப் பார்க்காது, பொட்டலத்தைத் திருப்பிப் பார்க்கும். சிவப்பு இதிலிருந்தா வந்தது என்று அது தேடுகிறது. கிண்ணத்துக்குள் எட்டிப் பார்க்கும், அங்கேயும் சிவப்பு இல்லை. மறுபடி வைக்கும், மறுபடி சிவக்கும். அந்த இடத்தில் பெரியவர்கள் வாயைத் திறக்காமல் இருப்பது முக்கியம். ‘பூ வரை, சூரியன் வரை’ என்று ஆரம்பித்தால் தேடல் நின்றுபோகும். தாள் முழுக்கச் சிவந்த பிறகு பாதி எலுமிச்சையைக் கையில் கொடுங்கள். தேய்த்த இடம் மஞ்சளாகத் திரும்பும், சோடா ஈரம் இருந்தால் நுரைத்துச் சீறும். விரலில் கீறல் இருந்தால் எலுமிச்சை எரியும், அன்றைக்கு அதை விட்டுவிடலாம்.

சிவக்கவில்லை என்றால் காரணம் பெரும்பாலும் ஒன்றுதான், ஆப்ப சோடா என்று நினைத்து பேக்கிங் பவுடரைக் கரைத்திருப்பீர்கள். அதில் புளிப்புப் பொருளும் கலந்திருப்பதால் காரம் அடங்கிப்போகும். காய்ந்த பிறகு சிவப்பு பழுப்பாகி மங்கும், ஃபிரேம் போட்டு மாட்டுகிற சமாசாரம் இல்லை இது. துணியில் மஞ்சள் பட்டால் சோப்புப் போட்டதும் சிவந்து பயமுறுத்தும். அலசிவிட்டு ஈரத்தோடு நல்ல வெயிலில் போடுங்கள், இரண்டு வெயிலில் போய்விடும்.

களிமண்

விநாயகர் சதுர்த்திக்கும் நவராத்திரி தொடக்கத்துக்கும் ஏறத்தாழ நாலு வாரம் இடைவெளி. தெருவோரம் அச்சில் பிள்ளையார் பிடித்துக் கொடுப்பவரிடம் வெறும் களிமண்ணாக இரண்டு கிலோ கேட்டால் கொடுப்பார். ஈரத்துணி சுற்றி, பிளாஸ்டிக் கவரில் போட்டு இறுகக் கட்டி, வாரம் ஒரு முறை துணியை நனைத்து வந்தால் காலாண்டு லீவு வரை கெடாமல் இருக்கும். சதுர்த்தி சமயத்தில் விட்டுவிட்டவர்கள் பானை செய்பவர்களிடம் கேட்கலாம். காட்பாடிக்குப் பக்கத்தில் கரிகிரியில் மண்பாண்டத் தொழில் இருக்கிறது. பாலாற்றங்கரையில், அதுவும் வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டைப் பக்கம் நாமே தோண்டி எடுத்துவருவது வேண்டாம். தோல் பதனிடும் கழிவு அந்த ஆற்றுக்கும் நிலத்துக்கும் என்ன செய்தது என்பது உச்ச நீதிமன்றம் வரை போன கதை. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்டில் வந்த தீர்ப்பை இன்றும் சட்டக் கல்லூரியில் படிக்கிறார்கள். வாயில் வைக்கும் வயதுப் பிள்ளைக்கு அந்த மண் கூடாது.

மண் சரியாக இருக்கிறதா என்று பார்க்க, பென்சில் கனத்துக்கு உருட்டி விரலில் சுற்றிப் பாருங்கள். வெடித்தால் மணல் அதிகம் அல்லது ஈரம் குறைவு. கையில் ஒட்டிக்கொண்டு வராமல் அடம்பிடித்தால் ஈரம் அதிகம், பழைய துணிமேல் அரைமணி நேரம் பரப்பி வையுங்கள். எலுமிச்சை அளவு உருண்டையைக் கொடுத்துக் கட்டைவிரலை நடுவில் அமுக்கச் சொன்னால் அகல் விளக்கு ஆகிவிட்டது. வேலை அவ்வளவுதான், அழகுபடுத்த வேண்டாம். அதில் எண்ணெய் ஊற்றி ஏற்றாதீர்கள். சுடாத மண் எண்ணெயைக் குடித்துக் கசியும்.

இன்னொரு வேலை, பதித்து எடுப்பது. சப்பாத்திப் பலகையில் துணி விரித்து, மண்ணை ஒன்றரை சென்டிமீட்டர் கனத்துக்குத் தட்டிவையுங்கள். துணி இல்லாவிட்டால் பலகையோடு ஒட்டிக்கொள்ளும். பூவரச இலையை நரம்புப் பக்கம் கீழே இருக்கும்படி வைத்துக் குழந்தையை உள்ளங்கையால் அமுக்கவிட்டு, காம்பைப் பிடித்து உரித்தெடுக்கச் சொல்லுங்கள். உரிப்பதுதான் அதற்குப் பிடிக்கும், பதித்ததை விட. முறுக்கு அச்சின் தட்டு, வீட்டுச் சாவி, தேங்காய் ஓட்டின் மேல்பக்கம் எல்லாம் நன்றாகப் பதியும். காயவைப்பதில்தான் கெடும். ஒரு சென்டிமீட்டருக்குக் குறைந்தால் எடுக்கும்போதே உடையும், இரண்டரைக்கு மேல் போனால் வெளிப்பக்கம் காய்ந்து சுருங்கும்போது உள்ளே ஈரம் இருந்து பிளக்கும். வேலூர் வெயில் செப்டம்பரிலும் சுள்ளென்று அடிக்கும், அதில் வைத்தால் ஓரம் முதலில் காய்ந்து விரிசல் விழும். நிழலில் மூன்று நாள், தினமும் ஒரு முறை திருப்பிப் போட்டு.

மைதாவும் உப்பும் பிசையும் ‘சால்ட் டோ’வை இணையத்தில் எல்லோரும் சொல்கிறார்கள். இரண்டு கப் மைதா, ஒரு கப் உப்பு, முக்கால் கப் தண்ணீர் என்பது வழக்கமான அளவு. வாயில் போடுகிற வயதுக்கு நான் அதைச் சொல்லமாட்டேன். அவ்வளவு உப்பு சின்ன உடம்புக்கு ஆபத்து. தவிர, உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும், ஐப்பசி அடைமழையில் செய்த பொம்மை எல்லாம் கசிந்து தொளதொளவென்று ஆகிவிடும். சப்பாத்தி மாவே போதும், ஒரு டீஸ்பூன் எண்ணெய் சேர்த்துப் பிசைந்து கொடுங்கள். பச்சரிசி மாவைப் பச்சைத் தண்ணீரில் பிசைந்தால் இழுத்துப் பிடிக்கும் பசைத்தன்மை வராது. கொழுக்கட்டைக்குக் கொதிநீர் ஊற்றிக் கிளறுவது போலச் செய்தால் பிடிக்க வரும், ஆனால் காய்ந்ததும் வெடிக்கும்.

காய் அச்சு

நேதாஜி மார்க்கெட்டில் லீவு நாளில் குழந்தையைக் கூட்டிக்கொண்டு போய் வெண்டைக்காயை அதன் கையாலேயே பொறுக்கவிடலாம். முற்றிய, கனத்த வெண்டையாக இருக்கட்டும், சமையலுக்கு ஆகாததுதான் இதற்கு நல்லது. காம்புப் பக்கம் ஒரு விரல் நீளம் விட்டு வெட்டினால் பிடிக்கக் காம்பு கிடைக்கும், வெட்டிய இடத்தில் பூ மாதிரி அச்சு விழும். வெட்டிய உடனே சாயத்தில் தொட்டால் அச்சு கொழகொழவென்று வழுக்கும், அதிலுள்ள வழவழப்புதான் காரணம். துணியில் ஒற்றி, கால்மணி நேரம் ஆறவிடுங்கள். சாயத்தைத் தட்டில் ஊற்றி வைக்காதீர்கள், பள்ளத்தில் ரொம்பிக்கொண்டு வெறும் வட்டம்தான் விழும். தட்டில் நனைத்த ஸ்பாஞ்சு ஒன்றை வைத்து அதன்மேல் சாயத்தை ஊற்றி, ஸ்பாஞ்சில் தட்டிவிட்டுத் தாளில் வைக்க வேண்டும். தாளுக்கு அடியில் மடித்த துண்டு ஒன்று இருந்தால் அச்சு முழுசாக விழும். கடினமான தரைமேல் நடுப்பகுதி மட்டும் பதிந்து ஓரம் விட்டுப்போகும்.

நம்ம ஊர் முள்ளுக் கத்திரிக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது, இலவம்பாடிப் பக்கத்துக் காய். அதை நெடுக்காக இரண்டாக வெட்டினால் விதை வரிசையோடு அழகான அச்சு. ஆனால் அதன் பாளையில், அதாவது காம்பையொட்டிய பச்சைத் தொப்பியில், முள் இருக்கும், குழந்தை பிடிக்கும் இடமும் அதுதான். பாளையைச் சீவிவிட்டு, ஒரு முள்கரண்டியைக் காயின் பின்பக்கத்தில் குத்திப் பிடியாக்குங்கள். வாழை மட்டையைக் குறுக்கே வெட்டினால் கட்டம் கட்டமாக அறை தெரியும், எல்லாக் காயையும் விட அழகான அச்சு அதுதான். அதன் கறை துணியில் பட்டால் போகவே போகாது. பழைய ஜட்டியோடு உட்காரவைத்துச் செய்ய வேண்டிய வேலை.

சாயத்துக்கு, சாதாரணமாக இட்டுக்கொள்ளும் குங்குமத்தைக் கரைக்க வேண்டாம், கடைக் குங்குமத்தில் செயற்கைச் சாயம் கலப்பது சகஜம். பீட்ரூட்டைத் துருவிப் பிழிந்த சாறில் கொஞ்சம் மைதா பசை கலந்தால் போதும். சங்குப்பூ பத்துப் பதினைந்தை வெந்நீரில் ஊறவைத்தால் நீலம்.

செருப்புப் பெட்டி

ஆம்பூரிலும் பேரணாம்பட்டிலும் யாராவது சொந்தக்காரர் ஷூ கம்பெனியில் வேலை செய்யாத குடும்பம் நம் பக்கம் குறைவு. அட்டைப்பெட்டிக்குப் பஞ்சமில்லை. பெட்டிக்குள் இருக்கும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தை முதலில் எடுத்துத் தூரப்போடுங்கள், தொண்டையில் அடைக்கும். உள்ளே சுற்றிவரும் மெல்லிய தாள் கிழிப்பதற்கு ரொம்ப நல்லது, சத்தமும் வரும். பெட்டியோடு தோல் துண்டுகளும் கொடுப்பார்கள், வாங்காதீர்கள். குரோமியம் போட்டுப் பதனிட்ட தோலைக் குழந்தை சப்பக் கூடாது.

பெட்டி மூடியில் மூன்று சென்டிமீட்டர் அகல ஓட்டை ஆறு போடுங்கள். குடியாத்தம் லுங்கித் துணி, டெய்லர் கடையில் வெட்டிப் போட்டது, இருபது சென்டிமீட்டர் நீளத்துக்கு மேல் போகாமல் கிழித்து, இரு முனையிலும் பெரிய முடிச்சுப் போட்டு ஓட்டைக்குள் பாதி விட்டுவையுங்கள். இழுப்பதும் திணிப்பதும் ஒன்றரை வயதுக்கு அலுக்காது. இருபதைத் தாண்டினால் கழுத்தில் சுற்றும் ஆபத்து வருகிறது, அதனால்தான் அந்தக் கணக்கு.

மூன்று பெட்டி இருந்தால் குட்டிக் கொலு. பெட்டிகளுக்குள் செய்தித்தாளைக் கசக்கித் திணிக்க வேண்டும் (கசக்குவது, திணிப்பது இரண்டும் குழந்தையின் வேலை), இல்லாவிட்டால் மேல்படியில் கை ஊன்றினதும் குழிந்துவிடும். ஒரு பெட்டி, அதன்பின் இரண்டு பெட்டி ஒன்றன்மேல் ஒன்றாக என்று வைத்து டேப் சுற்றிப் பழைய புடவையைப் போர்த்தினால் இரண்டு படி வரும். தரையில் விரித்த துணியைச் சேர்த்து மூன்று. கொலுவுக்கு ஒற்றைப்படை கணக்கும் சரியாகிவிட்டது. பெரியவர்கள் கொலுவைத் தொடாதே என்று ஒன்பது நாள் விரட்டுவதை விட, தொடலாம் என்று ஒன்று இருப்பது எவ்வளவோ மேல். அதில் களிமண் அகலையும், பதித்த மண்பலகையையும் குழந்தை தினமும் இடம் மாற்றி அடுக்கட்டும்.

கொலுவுக்கு முன்னால் பார்க் வைப்பதும் இந்த வயதுக்கு ஏற்றதுதான், விதை தூவுவது ஒரே அசைவு. கேழ்வரகை ஒரு ராத்திரி ஊறவைத்து வடித்து, ஆழமில்லாத தட்டில் இரண்டு அங்குல மண் நிரப்பித் தூவவிடுங்கள். ஒரே இடத்தில் கொட்டும், கொட்டட்டும், பிறகு உள்ளங்கையால் பரப்பச் சொன்னால் போதும். மேலே மெல்லிசாக மண். நவராத்திரிக்கு ஐந்து நாள் முன்பே போட்டால்தான் கொலு தொடங்கும்போது பச்சை தெரியும். கடைசி நேரத்தில் நினைவு வந்தால் கடுகோ வெந்தயமோ, அவை சீக்கிரம் முளைக்கும். ஸ்ப்ரே பாட்டிலை அழுத்த அந்த விரல்களுக்கு வலு போதாது. சின்ன தண்ணீர் பாட்டில் மூடியில் நாலைந்து ஓட்டை போட்டுக் கொடுங்கள், அதுவும் பாட்டிலில் கால்பங்கு தண்ணீர் மட்டும், முழுசும் ஊற்றித்தான் நிறுத்தும். தட்டைக் கொலுத் துணி மறைவில் வைத்தால் பயிர் வெளிறி நீண்டு சாயும், பூஞ்சணமும் பிடிக்கும். பகலில் ஜன்னலோரம், சாயங்காலம் கொலுவுக்கு.

பனங்கொட்டை

ஆடி ஆவணியில் பனம்பழம் விழுந்து முடிந்திருக்கும். கிழங்குக்குப் புதைக்க வைத்திருக்கும் கொட்டை புரட்டாசியில் கிராமத்து வீடுகளில் குவியலாகக் கிடக்கும், அணைக்கட்டு ஊர்ப் பக்கம் போனால் சும்மாவே கொடுப்பார்கள். குழந்தை வாய்க்குள் போகாத அளவு, கைக்கு அடங்கும் கனம், மேலே நார்முடி. இதைவிட நல்ல பொம்மைத் தலை கடையில் கிடைக்காது. இரண்டு நாள் தண்ணீரில் ஊறவைத்துத் தேய்த்துக் கழுவி, மிச்சமிருக்கும் சதையைப் போக்குங்கள். சதை இருந்தால் எறும்பு மொய்க்கும். நல்ல வெயிலில் நாலு நாள் காய்ந்ததும் பழைய சீப்பைக் கொடுத்து வாரச் சொல்லுங்கள். வாருவதுதான் கைவேலை. இரண்டு வயதுக்குத் தன் தலையை வாரினால் பிடிக்காது, பிறர் தலையை வாரப் பிடிக்கும். கண், வாயைப் பெரியவர் சாக்பீஸால் வரையலாம், வரையாமலும் விடலாம். பனை மட்டையை மட்டும் கையில் கொடுக்காதீர்கள். அதன் கருக்கு ரம்பப் பல், பெரியவர் கையையே கிழிக்கும்.

தரக்கூடாதவை

இந்த மாதத்தில் வீட்டுக்குள் வரும் பொருள்களில் சில உண்மையிலேயே பயப்பட வேண்டியவை. அதில் முதலாவது குன்றிமணி. பிள்ளையாருக்குக் கண் வைக்க வாங்கி மிச்சத்தை அலமாரியில் கிண்ணத்தில் போட்டுவைப்பது எல்லா வீட்டிலும் நடக்கிறது. கடினமான தோல் உடையாமல் விழுங்கினால் அப்படியே வெளியேறிவிடக்கூடும். கடித்தாலோ, கோர்க்க ஓட்டை போட்டிருந்தாலோ உள்ளே இருக்கும் அப்ரின் என்ற நச்சு வெளியே வரும். அது உயிருக்கே ஆபத்து. குழந்தை வாயில் போட்டது தெரிந்தால் உடம்புக்கு ஏதாவது வருகிறதா என்று வீட்டில் காத்திருக்காதீர்கள், உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ஆமணக்கு விதையும் அப்படியே. அரளிப்பூவில் பூ, இலை, தண்டு எல்லாம் நச்சு, பூத்தட்டிலிருந்து குழந்தைக்குப் பூ எடுத்துக் கொடுக்கும்போது பார்த்துக் கொடுங்கள். எருக்கம்பூ மாலையின் பால் கண்ணில் படக்கூடாது.

கொலுவில் எரியும் பேட்டரி அகலுக்குள் பட்டன் பேட்டரி இருக்கும். விழுங்கினால் உணவுக்குழாயை இரண்டு மணி நேரத்துக்குள் அரித்துப் புண்ணாக்க ஆரம்பிக்கும். மூடியில் திருகாணி இல்லாத விளக்கை வாங்காதீர்கள். சுண்டலுக்கு வாங்கின பருப்பு, பயறு ஒட்டும் கைவேலையும் மூன்று வயதுக்குக் கீழ் வேண்டாம். மூக்கில் போட்டுக்கொள்வார்கள், அது ஈரத்தில் ஊதிப் பெரிதாகி இறுகிவிடும். வீட்டில் கிண்டி எடுக்கப் பார்த்தால் இன்னும் உள்ளே போகும், தண்ணீர் விட்டாலும் ஊதும், டாக்டரிடம்தான் போகவேண்டும். அளவுக்கு ஒரு கணக்கு உண்டு. 3.2 சென்டிமீட்டர் குறுக்களவுள்ள குழாய்க்குள் முழுசாகப் போகும் எந்தப் பொருளும் தொண்டைக்கு ஆபத்து. பத்து ரூபாய் நாணயத்தை விடச் சற்றே அகலமான வட்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பசை

ஒட்டுகிற வேலையில் பசைப் பாட்டிலைக் குழந்தையிடம் கொடுத்தால் மொத்தமும் ஒரே இடத்தில் வழியும். தலைகீழாகச் செய்ய வேண்டும். தாள் முழுக்க நீங்கள் பசை தடவிவிட்டு, மேலே வைப்பதை மட்டும் குழந்தைக்கு விடுங்கள். முந்தின நாள் பூமாலையிலிருந்து சாமந்தியை எடுத்து, ‘பிச்சுப் போடு கண்ணு’ என்று இதழாகப் பிய்க்கச் சொல்லலாம். நவராத்திரியில் பூ விலை ஏறினாலும் வாடின மாலைக்கு விலை இல்லை. புதுப்பூவின் ஈரத்தில் பசை இளகி இதழ் வழுக்கும், அரைநாள் நிழலில் வாடினதுதான் பிடிக்கும்.

பசைக்கு இரண்டு மேசைக்கரண்டி மைதாவை அரை டம்ளர் பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, அதன்பின் ஒரு டம்ளர் வெந்நீரை ஊற்றிச் சிறுதீயில் மூன்று நிமிடம் கிளறினால் கண்ணாடி மாதிரி வரும். முதலிலேயே வெந்நீர் ஊற்றினால் கட்டி கட்டியாகிவிடும், பிறகு எவ்வளவு கிளறினாலும் கரையாது. போஸ்டர் ஒட்டுபவர்கள் பூச்சி அரிக்காமல் இருக்க மயில் துத்தம் சேர்ப்பதைப் பார்த்து நீங்களும் சேர்த்துவிடாதீர்கள், அது விஷம். வெளியே வைத்தால் ஒரு நாள், ஃபிரிட்ஜில் நாலு நாள். புளித்த வாடை வந்தால் கொட்டிவிட்டு வேறு கிளறிக்கொள்ளுங்கள். சாக்கடையில் கொட்டாமல் பழைய பேப்பரில் வழித்துக் குப்பையில் போடுங்கள், குழாய்க்குள் போய் இறுகினால் பிளம்பரைத்தான் கூப்பிட வேண்டியிருக்கும்.